பெர்க்மான்ஸின் பாயிண்டுகள்

தொபியாஸுக்குப் பெர்க்மான்ஸைக் கண்டாலே ஆகாது. பெர்க்மான்ஸ் ஒரு தப்பும் பண்ணவில்லை. தினமும் நிறைய மீனோடு கரை ஏறினான், அவ்வளவுதான். இரண்டு பேர் வள்ளமும் ஒரே அளவு. எஞ்சினும் ஒன்றுதான். பெர்க்மான்ஸின் மீனை ஏலம் விடுகிற சத்தம் கேட்டால் தொபியாஸுக்குச் சோறு இறங்காது. பொறாமை. அதற்கு வேறு நல்ல பேர் தேட வேண்டாம்.

மீனையும் கடலடியையும் காட்டுகிற எக்கோ மெஷினைப் பார்க்க அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஜெர்வாஸ் ஆசான். ஆசான் வயதில் சின்னவர். சீடனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் பழைய எக்கோ செட் வாங்க தொபியாஸ் ஆசானைக் கூட்டிக்கொண்டு போனான். கடையில் இரண்டு செட் இருந்தன. இரண்டிலும் எக்கோ, ஜிபிஎஸ் இரண்டும் உண்டு. ஆசான் ஒவ்வொன்றாகப் பேட்டரியில் மாட்டி, சென்சாரைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்.

"இதை எடுங்க. படம் தெளிவா இருக்கு. ஒயரும் புதுசு."

"வேண்டாம் ஆசானே. அதுதான் வேணும்."

"அதுல பாதி ஸ்கிரீன் கறுத்துக் கிடக்கு."

"கிடக்கட்டும். அது பெர்க்மான்ஸோடது. புதுசு வாங்கிட்டு இதைத் தள்ளிட்டான். கடல்ல அவன் குறிச்சு வெச்ச பாயிண்டை அழிக்கக்கூட இல்ல, பாருங்க."

கறுக்காத பாதி நிறையப் புள்ளிகள். பேர் இல்லை, வெறும் நம்பர். மீன் கிடக்கிற இடத்தைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லாத ஊர் அது.

"அண்ணே, நீங்க மெஷின் வாங்க வந்தீங்களா, பெர்க்மான்ஸை வாங்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதான். நீங்க பில்லைப் போடச் சொல்லுங்க."

ஆசான் சண்டை போடவில்லை. "கடலுக்கு நானும் வரேன்" என்றார்.

மறுநாள் முதல் புள்ளிக்குப் போனார்கள். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து மிதவை கோத்த புது வலை. வேறு வலை கிடையாது.

"அண்ணே, அடியைப் பாருங்க."

திரையில் தரை முள்ளுமுள்ளாக ஏறி இறங்கியது.

"அடி எனக்கு எதுக்கு? அவன் இங்க போட்டான். நானும் போடறேன்."

"எதுக்குக் குறிச்சான்னு தெரியுமா?"

"மீனுக்குத்தான். வேற எதுக்கு, கோலம் போடவா?"

வலையை விட்டான். திரும்ப இழுத்தால் வரவில்லை. எஞ்சினைப் போட்டு இழுத்தான். பாதி வந்தது. வந்த பாதியிலும் ஆள் நுழைகிற ஓட்டை. மீதி பாறையோடு போச்சு.

தொபியாஸ் அழவில்லை. கெட்ட வார்த்தை சொன்னான். கிழிந்த வலையைக் காலால் தள்ளிவிட்டு அடுத்த புள்ளிக்கு ஓட்டினான். இந்தத் தடவை திரையைப் பார்த்தான். பாறை. அதற்கடுத்த புள்ளியிலும் பாறை. இன்னொன்றில் முங்கிப்போன படகு மாதிரி ஏதோ மேடு.

"இதெல்லாம் அவன் வலை கிழிஞ்ச இடமா ஆசானே?"

"ஆமா."

"இவ்வளவா?"

"ஆமா."

"என்னை ஏமாத்திட்டான், பாவி."

"அவன் உங்ககிட்ட விக்கலையே அண்ணே."

தொபியாஸ் எஞ்சினை நிறுத்தினான். கொஞ்ச தூரத்தில் பெர்க்மான்ஸின் வள்ளம் நின்றது. பெர்க்மான்ஸ் வலை இழுத்துக்கொண்டிருந்தான். கனமான வலை, முதுகு வளைந்திருந்தது. தொபியாஸ் திரையைப் பார்த்தான். பெர்க்மான்ஸ் நிற்கிற இடத்தில் ஒரு புள்ளியும் இல்லை.

"அதோ, அங்க மீன் இருக்கு. தினமும் அங்கதான் பிடிக்கிறான் போல. அதை ஏன் அவன் குறிக்கல?"

ஆசான் கிழிந்த வலையை மடியில் இழுத்துப்போட்டு முடிச்சைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுக்குப் போற வழியை எதுலயாவது குறிச்சு வெச்சிருக்கீங்களா அண்ணே?"