இரவல் சிரட்டை

செம்மணல் தேரிக்காட்டுப் பனைகளுக்கு நடுவே குடிசை போட்டிருந்த குருவிடம் இசக்கிராஜன் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தான். கருப்பட்டிச் சங்கத்தில் கணினி வேலை பார்ப்பவன். முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயா, ஒரு பதிவை அழிக்கணும். வழி சொல்லுங்க."

"நீ எழுதினதுதானே? நீயே அழி."

"முடியாதுய்யா. அது பிளாக்செயின்."

குரு அடுப்பிலிருந்த கஞ்சியைக் கிண்டினார்.

"யாராலயும் அழிக்க முடியாதுன்னு சொல்லித்தானே அன்னைக்கு எனக்கு மிட்டாய் கொடுத்தே?"

ஊர்க் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், போலி நுழையாமல் இருக்க இசக்கிராஜன்தான் இந்தப் பதிவு ஏற்பாட்டைக் கொண்டுவந்தான். பாகு ஊற்றும் தேங்காய்ச் சிரட்டைகளின் உள்ளடியில், காய்ச்சுகிறவளின் குறியைச் செதுக்கினான். கட்டி உறையும்போது குறியும் அதில் பதிந்துவிடும். வாங்குகிறவர் அதைச் செல்போனில் படம் பிடித்தால் போதும்; காய்ச்சியது யார், சுத்தமானதா என்று திரை சொல்லும்.

"என்ன எழுதினே?"

"தங்கபுஷ்பம் அக்கா கருப்பட்டியில சீனி கலந்திருக்குன்னு. சோதனையில வந்ததைத்தான் ஏத்தினேன். பிறகு பார்த்தா, அது அவங்க காய்ச்சினதே இல்லை. யாருக்கோ சிரட்டையை இரவல் கொடுத்திருக்காங்க."

"காய்ச்சுறவங்க தெருவில எப்பவும் கொடுக்கிறதுதானே."

"தெரியும்யா. எங்க அம்மாவே வாங்கியிருக்கா. செதுக்கும்போது நினைப்பு வரலை."

"யாருக்குக் கொடுத்தாள்னு கேட்டியா?"

"கேட்டேன். 'அவ பேரையும் ஏத்திட்டு அழிக்க முடியாதும்பீங்க. அவளுக்கும் பிள்ளைங்க இருக்கு, போங்க தம்பி'ன்னுட்டாங்க."

"முன்னே எழுதினது தப்புன்னு கீழே எழுதேன்."

"எழுதிட்டேன். சிவப்பு அடையாளந்தான் முதல்ல கண்ணுல படுது. கீழே ஒருத்தரும் படிக்கிறதில்லை. அவங்க வீட்டுப் பரண்ல கருப்பட்டி அடுக்குனபடியே கிடக்கு. ஒரு வியாபாரியும் தொடலை. மழை பிடிச்சா அத்தனையும் கசிஞ்சு போயிரும்யா."

குரு கஞ்சியை இறக்கி வைத்தார்.

"குடிக்க ஏனம் இல்லை. அந்தத் தெருவில ஒரு சிரட்டை இரவல் வாங்கிட்டு வா."

"இப்பவா?"

"கஞ்சி ஆறுறதுக்குள்ள."

முதல் வீட்டில் கோயில்கனி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"குறி போட்ட சிரட்டையா? நல்லாருக்கே தம்பி! எவளாவது அதுல சீனிப்பாகை ஊத்தினா என் தலைதானே உருளும்."

அடுத்த வீட்டில் சிரித்தார்கள். "ஊருக்கெல்லாம் சிரட்டை செதுக்கினவருக்குக் குடிக்க ஒரு சிரட்டை இல்லையாம்!" சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியாகத் தங்கபுஷ்பத்தின் வீடு. கருப்பட்டி ஈரம் பிடிக்காமலிருக்கப் பரணுக்குக் கீழே புகை மூட்டிக்கொண்டிருந்தாள்.

"கஞ்சி குடிக்கத்தான்க்கா. குருவுக்கு."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரை இங்க வரச் சொல்லுங்க. தட்டுல ஊத்தித் தாரேன், வயிறாரக் குடிக்கட்டும். சிரட்டை மட்டும் இனி இந்த வாசலைத் தாண்டாது, தம்பி."

வெறுங்கையோடு திரும்பினான்.

"யாரும் தரலையா?"

"இல்லைய்யா."

"தங்கபுஷ்பம்?"

"அவங்களும்."

குரு ஆறிப்போன கஞ்சியை உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பிறகென்ன ராஜா? உன் ஏற்பாடு நல்லாத்தான் வேலை செய்யுது."