செவத்தான் வாயைத் திறந்த கதை

பறவைகள் ஒன்றோடொன்று ஊர்வம்பு பேசித் திரிந்த அந்தக் காலத்தில், வடக்கே பனிமலைக் காட்டில் செம்மார்புக் குருவிகள் வாழ்ந்தன. கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. வீம்பு மட்டும் மலையளவு.

பனிக்காலம் வந்தால் ஆணும் பெண்ணும் சேர்ந்தே தெற்கே போய்விடும். திரும்பி வந்தால் நல்ல மரங்களை வேறு பறவைகள் பிடித்திருக்கும். பூவாயியும் அவள் புருஷன் செவத்தானும் இரண்டு கோடைகள் கூடு கட்ட இடமில்லாமல் அலைந்தார்கள். மூன்றாவது வருடம் ஒரு மரம் வாய்த்தது. மறுபடியும் பனிக்காலம் நெருங்கியது.

"இந்தத் தடவை நான் வரல. மரத்துக்குக் காவல் இருக்கேன். நீ போயிட்டு வா புள்ள" என்றான் செவத்தான்.

பூவாயிக்குப் பகீரென்றது. "பனியில வெறைச்சுப் போயிருவீங்க மாமா!"

"பொந்து இருக்கு. பட்டைக்கடியில புழு இருக்கு. பாத்துக்கறேன்."

எவ்வளவு கெஞ்சியும் அவன் மசியவில்லை. "சரி, ஒண்ணு மட்டும் கேளுங்க. எலையில்லாத காட்டுல சத்தம் போட்டா வல்லூறு தூக்கிட்டுப் போயிரும். நான் திரும்பி வர்ற வரைக்கும் வாயே தொறக்கக் கூடாது" என்றாள். அவன் தலையாட்டினான்.

தெற்கே தினை விளைந்து கிடந்தது. பூவாயிக்கு ஒரு மணிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. பனி உருகத் தொடங்கியதுமே முதல் ஆளாகக் கிளம்பிவிட்டாள்.

வந்து பார்த்தால் மரத்தின் உச்சி முறிந்து கிடந்தது. காடே கப்சிப்பென்று இருந்தது. போயே போய்விட்டான் என்று நினைத்தாள். கூப்பிட்டுப் பார்க்கக்கூட அவளுக்கு நா எழவில்லை. அழுதுகொண்டே வந்த வழியில் திரும்பினாள்.

பொந்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான் செவத்தான். வந்தவள் போகிறாளே! கிளையில் இன்னும் உட்காரவே இல்லையே, இதை வந்த கணக்கில் சேர்ப்பதா? ஒரு நொடி திண்டாடினான். பிறகு வல்லூறாவது ஒன்றாவது என்று, பனிக்காலம் முழுக்க அடக்கி வைத்திருந்த பாட்டையெல்லாம் கொட்டிவிட்டான்.

பூவாயி பாய்ந்து வந்து அவன் தலையில் நறுக்கென்று கொத்தினாள். "உசுரோட இருக்கறவரு ஒரு கொரல் குடுத்தா என்ன? என் ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!"

"நீதானே புள்ள வாயத் தொறக்கக் கூடாதுன்னே!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பாடா என்று அவனோடு ஒட்டி உட்கார்ந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தான், ஆனால் இருந்தான்.

"அடுத்த வருஷம் நான் தூரத்துல வர்றப்பவே உங்க பாட்டு எனக்குக் கேக்கணும்" என்றாள்.

அன்று பிடித்த பழக்கம்தான் இது: பெண்குருவிகள் தெற்கே போனாலும் ஆண்குருவிகள் காட்டிலேயே தங்கிவிடும். பனி உருகியதும், ஒரு பெண்குருவிகூட வந்து சேருமுன்பே, மொட்டைக் கிளையில் ஏறித் தொண்டை கிழியப் பாடும்.