அரசனின் இமையும் ஒரு கிண்ணம் திரட்டுப்பாலும்

வெகு காலத்துக்கு முன்பு மருதவேலி நாட்டை நிலந்தருமாறன் என்ற அரசன் ஆண்டுவந்தான். எந்தப் படைக்கும் அஞ்சாதவன், தன் கண்ணிமைகளுக்கு அஞ்சினான். இரண்டு வருடமாக அவை சிவந்து வீங்கி, ஓரமெல்லாம் பொருக்குத் தட்டி, காலையில் பசை போட்டதுபோல் ஒட்டிக் கிடந்தன. வைத்தியரின் வெந்நீர் ஒத்தடத்தில் அடங்கும். நான்கே நாளில் திரும்பிவிடும்.

அரண்மனையில் மயிலேறிக்கு ஒரே வேலை. அரசனுக்குப் போகும் ஒவ்வொரு பண்டத்திலும் முதல் வாய் அவன் சாப்பிட வேண்டும். அவனுக்கு ஒன்றும் ஆகாவிட்டால்தான் தட்டு உள்ளே போகும். அரசனுக்கு அவன்மேல் பிரியம். அது மந்தை அதிகாரி வீரகேதுவின் கண்ணை உறுத்தியது.

ஒருநாள் வீரகேது சபையில் எழுந்தான். "மகாராஜா, இவன் தின்பதைத்தானே தாங்களும் உண்கிறீர்கள்? இவன் கண்ணைப் பாருங்கள், துடைத்துவைத்த விளக்கு மாதிரி! ருசி பார்த்த பிறகு எதையோ கலக்கிறான்."

"அதுதானே!" என்றான் அரசன். "இவனை நாடு கடத்துங்கள்!"

மயிலேறி நிதானமாகச் சொன்னான்: "அரசே, மூன்று மாதம் தவணை கொடுங்கள். நான் தட்டின் பக்கமே வரமாட்டேன். வைத்தியரே பரிமாறட்டும், ஒத்தடமும் தொடரட்டும். முதல் மூன்று வாரம் மட்டும் கஞ்சியும் பயறும்தான்."

"கஞ்சியா? எனக்கா?"

"முற்றுகையின்போது கம்பங்கூழ் குடித்தவர்தானே தாங்கள்?"

"அப்போது எதிரி வாசலில் நின்றான்!"

"இப்போது எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லையே, அரசே. தேட வேண்டாமா?"

அரசன் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். மூன்று வாரத்தில் இமைகள் தெளிந்தன. பிறகு, மயிலேறி சொன்னபடி, மூன்று நாளுக்கு ஒரு பண்டமாகச் சேர்த்தார்கள். மீன், நெய்ச்சோறு, கத்தரிக்காய்க் குழம்பு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. திரட்டுப்பால் சேர்ந்த இரண்டாம் நாள் காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டன.

"அகப்பட்டது!" என்று அரசன் துள்ளினான்.

"பொறுங்கள். ஒரு தடவை தற்செயலாக இருக்கலாம். நிறுத்திவிட்டு, தெளிந்ததும் மறுபடி பார்ப்போம்."

மறுபடியும் ஒட்டிக்கொண்டன. இப்போது சபை முழுவதும் வீரகேதுவைப் பார்த்தது. நாள்தோறும் வெள்ளிக் கிண்ணத்தில், "என் மந்தைப் பால், மகாராஜா!" என்று பெருமையோடு திரட்டுப்பால் கொண்டுவருபவன் அவன்தான்.

"நஞ்சு வைத்தவன் நீயா?" என்று அரசன் உறுமினான்.

மயிலேறி, வீரகேது அன்றும் கையில் வைத்திருந்த அந்தக் கிண்ணத்தை வாங்கினான். அத்தனை பேர் முன்னிலையிலும் வழித்து நக்கித் தீர்த்தான்.

"நாளைக் காலை என் கண்ணைப் பாருங்கள், அரசே. பாலிலும் குற்றமில்லை, இவரிடமும் குற்றமில்லை. எனக்கு ஒத்துக்கொள்வது தங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இன்னொருவர் இமை வேறு எதனாலோ வீங்கலாம். என் வாய் நஞ்சைக் கண்டுபிடிக்கும். தங்கள் உடம்புக்கு ஆகாததைத் தங்கள் உடம்புதானே சொல்ல வேண்டும்?"

மறுநாள் காலை மயிலேறியின் கண்கள் பளிச்சென்றிருந்தன. வீரகேது தலை நிமிரவில்லை. தான் பழி சுமத்தியவனே தன்னைக் காப்பாற்றியிருந்தான்.

அரசன் சிரித்தான். "என்ன வேண்டும், கேள்."

"இத்தனை வருடமும் ஒரு வாயோடு நிறுத்திக்கொண்டேன், அரசே. இனிமேல் முழுக் கிண்ணமும் வேண்டும்."

அன்று முதல் வீரகேது நாள்தோறும் வெள்ளிக் கிண்ணத்தை ஏந்தி வந்தான், மயிலேறியின் வீட்டு வாசலுக்கு.