விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

கோவில்பட்டியில் காந்திமதியிடம் சீடராகச் சேர்ந்தபோது ஆரோக்கியசாமிக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவுக்கு நாற்பத்தொன்று. இருபத்தைந்து வருஷம் வீடு கட்டிக் கொடுத்தவர், கட்டின வீடு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துச் சொல்லும் வேலையைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். கட்டுவதைவிட இது சுலபமாக இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

கரிசல் மண் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். மேலே நிற்கிற வீடு என்ன செய்யும், விரிசல் விடும். ஆனாலும் மனுஷர்களுக்கு ஆசை குறைவதில்லை. ஒருவர் ஹாலைப் பெரிசாக்க நடுச்சுவரை எடுக்கலாமா என்பார். இன்னொருவர் வாஸ்து பார்த்துவிட்டு வந்து சமையலறையை மூலைக்கு மாற்றச் சொல்வார். எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "தாங்குமா?"

அந்த வருஷம் ஆரோக்கியசாமி பதினோரு வீடு பார்த்தார். பதினோரு வீட்டிலும் தாங்காது என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் வாசலிலேயே கதவைச் சாத்தினார்கள்.

ஐப்பசியில் ஒரு மதியம், பன்னிரண்டாவது வீட்டின் அறிக்கையைக் கொண்டுவந்து குருவின் மேஜையில் வைத்தார்.

"எத்தனை பேருக்குத்தான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதது மேடம்? ஒரு வீட்டுக்காவது சரின்னு சொல்லக் கூடாதா?"

அறிக்கையில் சரி என்றுதான் எழுதியிருந்தது. கீழே அவர் கையெழுத்தும் இருந்தது. காந்திமதியின் கையெழுத்துதான் பாக்கி.

"யாரு வீடு அண்ணாச்சி?"

"செல்லக்கனியம்மா வீடு. தூண் கிடையாது, சுவருதான் தாங்குது. பையனுக்குத் தையில கல்யாணம். மேல தனியா ஒரு மாடி இருந்தாத்தான் பொண்ணு தருவோம்னு அந்த வீட்டுல சொல்லிட்டாங்க."

"விரிசல்?"

"சன்னல் மூலையில இருந்து சாய்வா ஒண்ணு போகுது. ஆவணியில கண்ணாடி ஒட்டித் தேதி எழுதிட்டு வந்தேன். நேத்துப் போயிப் பாத்தேன், உடையவே இல்ல."

விரிசலின் இரண்டு கரையையும் சேர்த்து ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டுவது அந்தத் தொழிலில் வழக்கம். சுவர் துளி நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். உடையாவிட்டால் விரிசல் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

காந்திமதி அறிக்கையை மூடினார்.

"வாங்க, ஒரு எட்டு பாத்துட்டு வருவோம்."

செல்லக்கனி அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பையன் படுக்கிற இடம், மருமகளுக்கு வரப்போகும் பீரோ வைக்கிற இடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவர் படுக்கும் கட்டில் அந்த விரிசல் சுவரை ஒட்டித்தான் கிடந்தது.

கண்ணாடி பளிச்சென்று இருந்தது. காந்திமதி அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"யக்கா, இந்தக் கண்ணாடி எதுக்குன்னு அண்ணாச்சி சொன்னாங்களா?"

"இதச் சொல்லணுமாக்கும்? சுவரு விட்டுப்போகாமப் பிடிச்சுக்கிடதுக்குத்தான? கை ஒடிஞ்சா கட்டுப் போடுத மாதிரி."

"நல்லாப் பாத்துக்கிடுதீங்களா?"

"தெனமும் தொடச்சு வைக்கேன். ஒடஞ்சா மறுநாளே மாத்திருவேன். படத்துக்குக் கண்ணாடி போடுத கடையில வெட்டி வாங்கிட்டு வந்து, வெள்ளை சிமெண்டக் கொழச்சு நானே ஒட்டிருவேன். தேதியும் சாரு எழுதுனதப் பாத்து அப்படியே எழுதிருவேன்."

ஆரோக்கியசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை தடவை மாத்துனீங்க யக்கா?" என்று கேட்டார் காந்திமதி.

"நாலு தடவை. இந்த மழையில மட்டும் ரெண்டு."

சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. அதைத்தான் கேட்க முடியவில்லை.

"நீங்க சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் காந்திமதி.

ஆரோக்கியசாமி எழுந்து நின்றார். அந்தக் கண்ணாடி எதையும் பிடித்துவைக்காது, சுவர் நகர்கிறதா என்று காட்டத்தான் அதை ஒட்டினேன் என்றார். அதை அன்றைக்கே சொல்லாதது தன் தப்பு என்றார். சுவர் இறங்கிக்கொண்டிருக்கிறது, இதன் மேல் மாடி கட்டக் கூடாது. முதலில் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அதுவரை கட்டிலை அந்தச் சுவரை விட்டுத் தள்ளிப் போட வேண்டும்.

"தைக்குள்ள முடியுமா?"

"முடியாதும்மா."

"பொண்ணு வீட்டுல நான் என்னன்னு சொல்ல?"

ஆரோக்கியசாமி கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து கட்டிலை நகர்த்திப் போட்டார்கள்.

தெருமுனை வரை இருவரும் நடந்தார்கள்.

"வெள்ளை சிமெண்ட நேத்தே பாத்துட்டேன் மேடம்" என்றார் ஆரோக்கியசாமி. "நான் ஒட்டுனது சாதா சிமெண்ட்டு. பாத்துட்டுப் பாக்காத மாதிரி வந்துட்டேன்."

"ஏன்?"

"அலுத்துப்போச்சு. அந்தம்மா முகத்தப் பாத்து இன்னொரு தடவை தாங்காதுன்னு சொல்லத் தெம்பு இல்ல."

காந்திமதி திட்டியிருந்தால் ஆரோக்கியசாமிக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா மேடம்?"

"பாதி நாள் அலுப்புதான் அண்ணாச்சி. அன்னைக்கெல்லாம் வீடு பாக்க வருவேன். கையெழுத்துப் போடுத பேனாவ மட்டும் எடுத்துட்டு வரமாட்டேன்."