கித்தார் முழுங்கிய யாழ்

“டீச்சர், அவன் என் யாழை முழுங்கிட்டான்!”

படியேறி வந்த மூச்சு அடங்கும் முன்னே ஆவுடையப்பன் இதைச் சொன்னார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“மொதல்ல யாழைக் கீழ வைங்க அண்ணாச்சி,” என்றாள் வடிவு டீச்சர்.

பாளையங்கோட்டையில் ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடி அவள் வீடு. தனியாக வாசிக்கக் கற்றுத்தர ஊரில் எத்தனையோ பேர் உண்டு. சேர்ந்து வாசிக்கக் கற்றுத்தர அவள் ஒருத்திதான். வயலினும் மிருதங்கமும் முறைத்துக்கொண்டால் அந்தப் படி ஏறித்தான் ஆகவேண்டும்.

வயதில் அவள் ஆவுடையப்பனைவிடச் சின்னவள். அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

யாழைக் கீழே வைத்தார்.

பலாக்கட்டையில் அவரே குடைந்தது அது. பழம்பாட்டில் உள்ளதைப் படித்து, கோயில் சிற்பத்தில் உள்ளதைப் பார்த்து, செய்து செய்து உடைத்து, உடைத்து உடைத்துச் செய்தது. வில்லாய் வளைந்த தண்டு, தோல் போர்த்திய குடம், நடுவே வரிசையாய் நரம்புகள். யாழைப் படத்தில் பார்க்காதவன் கிடையாது. காதால் கேட்டவன் யார்? அதுதான் அவர் உயிரை வாங்கியது. ஒரே ஒரு தடவையாவது ஊர் அதைக் காதால் கேட்கவேண்டும்.

தனியாக வாசித்தார். ஆள் வரவில்லை.

டென்சிங்கின் எலக்ட்ரிக் கித்தாரோடு ஜோடி சேர்ந்தார். ஆள் வந்தது, யாழ் காணாமல் போனது.

“போன கச்சேரியில என் மச்சினன் முன்வரிசையில உக்காந்திருக்கான் டீச்சர். எல்லாம் முடிஞ்சு எந்திரிச்சு வந்து கேக்கான், ‘அத்தான், நீங்க எப்ப வாசிப்பீங்க?’ன்னு.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிங்க, நல்லாச் சிரிங்க. எனக்கு வயித்தெரிச்சல்.”

“சத்தத்தக் கொறைக்கச் சொல்லலியா அவர்கிட்ட?”

“சொல்லாத நாளு உண்டா? செவிடன் காதுல ஊதுன சங்குதான். ‘கொறைச்சா கித்தார் செத்துரும் அண்ணாச்சி, நீங்க கூட்டுங்க’ங்கான். நான் மைக்கைக் கூட்டுனா அது ஊளை போடுது. வந்தவன்லாம் காதைப் பொத்துதான்.”

“ம்.”

“‘ம்’னா என்ன டீச்சர்? சனிக்கிழமை கச்சேரி. அன்னைக்கும் என் யாழ் கேக்கலன்னா ஜோடிய முறிச்சிருவேன். யாழைப் பரண்ல தூக்கிப் போட்டுட்டு நான் பாட்டுக்கு இருந்துருவேன். ஒரு வழி சொல்லுங்க.”

அப்போது கீழே மில் ஓடத் தொடங்கியது. தரை அதிர்ந்தது. அலமாரி டம்ளர்கள் கிணுகிணுத்தன. யாழின் நரம்புகள் தாமாகவே முனங்கின.

பேச்சை நிறுத்தாமலே ஆவுடையப்பன் இடுப்பில் செருகியிருந்த வேட்டிக் கிழிசல் ஒன்றை உருவினார். நரம்புகளுக்கு நடுவே உள்ளும் வெளியுமாகச் சொருகினார். முனங்கல் நின்றது.

டீச்சர் அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் காலையில டென்சிங்கையும் கூட்டிட்டு வாங்க.”

“நான் வழி கேட்டேன்.”

“காபி குடிச்சிட்டுப் போங்க.”

இவளிடம் இதுதான் தொல்லை. கிழக்கே கேட்டால் மேற்கே பதில் சொல்வாள். ஆவுடையப்பன் காபி குடிக்காமலே போனார்.

மறுநாள் காலை டென்சிங் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறினான். நல்ல மனிதன்தான். ஆவுடையப்பனின் யாழையும் அவனே இன்னொரு கையில் வாங்கிக்கொண்டான். கித்தாரைத் தொடும்வரை அவனைப்போலத் தங்கமான ஆள் கிடையாது.

மில் இன்னும் திறக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது.

“டென்சிங், நீங்க வாசிங்க. அண்ணாச்சி, நீங்க வாசிக்க வேண்டாம். யாழை மடியில வச்சுக்கிட்டு சும்மா இருங்க.”

“வாசிக்க வேண்டாமா?”

“வேண்டாம்.”

“கொள்ளாமே, நல்லாருக்கே! அங்க வாசிச்சும் கேக்கல, இங்க வாசிக்கவே வேண்டாம். நான் என்ன கொலு பொம்மையா டீச்சர்?”

“உக்காருங்க அண்ணாச்சி.”

உட்கார்ந்தார். வழக்கம்போல் துணியைச் சொருகினார். யாழை மடியில் சாய்த்துக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

டென்சிங் வாசித்தான். சுவரில் காலண்டர் ஆடியது. தெருவில் ஒரு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போனது.

முடித்ததும் டீச்சர் சொன்னாள், “மறுபடி.”

மறுபடி வாசித்தான். ஆவுடையப்பன் பல்லைக் கடித்தார்.

“மறுபடி.”

சொல்லிக்கொண்டிருக்கிற எனக்கே பொறுக்கவில்லை, அந்த மனிதருக்கு எப்படிப் பொறுக்கும்? மூன்றாவது தடவை பாதியிலேயே அவர் கையை ஓங்கித் தரையில் அடித்தார்.

“போதும் டீச்சர்! இத நான் கச்சேரிக்குக் கச்சேரி அனுபவிக்கிதேன். புதுசா இங்க வந்து என்ன படிக்க இருக்கு?”

டென்சிங் நிறுத்தினான். டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை.

“அந்தத் துணி எதுக்கு அண்ணாச்சி?”

“எந்தத் துணி? இதா? இது இல்லன்னா பெரிய ரோதனை. இவன் ஒரு சுரம் அடிச்சாப் போதும், நான் தொடாமயே இங்க ஏதாவது ஒரு நரம்பு கூடவே முனங்க ஆரம்பிச்சிரும். ஒரு நாய் ஊளையிட்டா எல்லா நாயும் ஊளையிடுத மாதிரி. நான் வாசிக்கையில உருவிக்கிடுவேன். இவன் தனியா வாசிக்கையில சொருகிருவேன்.”

“என்னைக்கிலேருந்து?”

“ஜோடி சேந்த அன்னைக்கிலேருந்து.”

டீச்சர் டென்சிங் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குத் தெரியுமா?”

“துணி தெரியும் டீச்சர். நரம்புல வேர்வை படாம இருக்க வச்சிருக்காருன்னுல்ல நெனச்சேன்.”

டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள். மெதுவாக அல்ல, சத்தம் கேட்கிற மாதிரியே அடித்துக்கொண்டாள்.

“எடுங்க அதை.”

“எடுத்தா நல்லாருக்காது டீச்சர்.”

“எடுங்கன்னா எடுங்க அண்ணாச்சி!”

எடுத்தார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். காபிச் சட்டியை அந்தத் துணியால் பிடித்து இறக்கினாள். நல்ல கரை வேட்டியில் கிழித்த துண்டு. ஆவுடையப்பனுக்கு வயிறு எரிந்தது.

அடுப்படியிலிருந்தே குரல் வந்தது. “ஒரே ஒரு சுரம் டென்சிங். அடிச்ச உடனே கையால அடக்கிருங்க.”

டென்சிங் அடித்தான். உள்ளங்கையால் அடக்கினான். கித்தார் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

டென்சிங் தன் கையைப் பார்த்தான். கை கம்பியின் மேல்தான் இருந்தது. ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டிப் பார்த்தான். பெட்டி சும்மா இருந்தது.

“அண்ணாச்சி, நீங்களா?”

“நான் எங்கடே தொட்டேன்? ரெண்டு கையும் முட்டு மேல இருக்கு, பாரு.”

யாழ் மெல்ல ஓய்ந்தது.

டென்சிங் வேறொரு சுரத்தை அடித்து அடக்கினான். யாழில் வேறொரு நரம்பு முனங்கியது. மெல்லிசான சத்தம். அவனுடைய அதே சுரம்தான், ஆனால் அவனுடைய சத்தம் இல்லை.

அவன் எழுந்துபோய்ப் பெட்டியின் சத்தத் திருகைக் கொஞ்சம் இறக்கினான். வந்து அடித்தான். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். திரும்பப் போய் இன்னும் இறக்கினான். ஸ்டூலை இழுத்து யாழுக்குப் பக்கத்தில், முட்டியோடு முட்டி இடிக்கப் போட்டுக்கொண்டான். அப்படியும் போதவில்லை. பெட்டியையே பக்கத்தில் இழுத்து, திருகை இன்னும் இறக்கினான்.

இப்போது கித்தார் நிற்கக் காத்திருக்கத் தேவையில்லை. அது ஒலிக்கும்போதே அடியில் யாழும் ஒலித்தது.

டீச்சர் அடுப்படி வாசலில் நின்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஆவுடையப்பனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏய், இதத்தானடே தொண்டத்தண்ணி வத்த ஒரு வருசமாச் சொல்லிக்கிட்டிருக்கேன்! கொறைடே கொறைடேன்னு! அப்பல்லாம் கித்தார் செத்துரும், பொழைக்காதுன்ன! இப்ப மட்டும் எப்படிடே...”

டென்சிங் தலை தூக்காமலே கையைக் காட்டினான்.

“கொஞ்சம் பேசாம இருங்க அண்ணாச்சி. நீங்க போடுத சத்தத்துல யாழ் காதுல விழ மாட்டேங்குது.”