கால்வாய்க்கு வைத்த வெற்றிலை பாக்கு

கொன்றைநாட்டு ராஜா அதிவீரமாறனுக்கு அன்று காலையிலிருந்தே கோபம். ஐப்பசி பிறக்கப் போகிறது. ஊர் நடுவே போகும் கால்வாயில் தண்ணீர் ஓட வழியில்லை. அடுப்புச் சாம்பல், எச்சில் இலை, உடைந்த பானை, வெட்டிப்போட்ட வாழைமரம் எல்லாம் அதற்குள்தான் கிடந்தன. போன மழைக்கே கீழத்தெருவில் தண்ணீர் புகுந்துவிட்டது. அடுப்பு முங்கி, அரிசிப்பானை மிதந்து, பெண்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கோவில் மண்டபத்தில் போய் நின்றார்கள். இந்த வருஷம் என்ன ஆகுமோ!

ஆனால் யாராவது குனிந்து ஒரு கூடை மண் அள்ளவேண்டுமே! மேலத்தெருவில் கேட்டால், குப்பையெல்லாம் கடைத்தெருவிலிருந்து வருகிறது என்றார்கள். கடைத்தெரு வடக்குத்தெருவைக் கைகாட்டியது. வடக்குத்தெருக்காரர்கள், அது அரண்மனைக் கால்வாய், எங்களுக்கு என்ன வந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"சிப்பாய்களை விட்டு வாரினால் மறுமாதமே பழையபடி நிரப்பிவிடுகிறார்கள்" என்றார் ராஜா. "ஊரே இறங்கி வாரினால்தான் ஊருக்கு அதன்மேல் கண் இருக்கும். திருமேனி, இது உம் பொறுப்பு. கூலி கிடையாது. சிப்பாய் கிடையாது."

திருமேனி சபையிலேயே புத்திசாலி. அவர் வீடும் அந்தக் கீழத்தெருவில்தான் இருந்தது. தளவாய் மாசிலாமணிக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவர் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க வேண்டும் என்று நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சமயம் வாய்த்தது என்று எழுந்தார்.

"மகாராஜா, ஊர் தானாக வரவேண்டும் என்றீர்கள். இவர் வீடு வீடாகப் போய்க் காலைப் பிடித்து அழைத்து வந்தால் அது தானாக வந்ததாகுமா? யாரையும் அழைக்கவே கூடாது. முடியவில்லை என்றால் சபையை விட்டுப் போகட்டும்."

கோபத்தில் இருந்த ராஜா அதற்கும் சரி என்றுவிட்டார்.

திருமேனி கொஞ்சம் யோசித்தார். "ஒரே ஒரு வீட்டையாவது அழைத்துக்கொள்ளலாமா?"

தளவாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஒரு வீடுதானே? தாராளமாக அழைத்துக்கொள்ளும். அவர்களே முழுதும் வாரி முடிக்கட்டும்."

அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவன் கோரைப்பாய் முடைந்து விற்கும் சங்கிலி என்ற பாய்க்காரன். ஊரில் அவன் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. மறுநாள் திருமேனி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, சந்தனம், மஞ்சள், பழம் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டார். முன்னால் நாதசுரமும் தவிலும். நேரே சங்கிலி வீட்டுக்குப் போனாரா? இல்லை. மேலத்தெருவுக்குள் நுழைந்து, கடைத்தெருவைச் சுற்றி, வடக்குத்தெரு முழுக்க நடந்து, கடைசியில்தான் அவன் வாசலுக்கு வந்தார். நாளைக் காலை கால்வாய் தூர்வாரும் விழாவுக்கு முதல் மண்வெட்டி நீங்கள்தான் போடவேண்டும், குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டும் என்று கும்பிட்டு அழைத்தார். சங்கிலி பயந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டான்.

அவ்வளவுதான். ஊர் பற்றிக்கொண்டது.

மேலத்தெருப் பெரியதனக்காரர் குழந்தைவேலு மூச்சிரைக்கத் திருமேனி வீட்டுக்கு வந்தார். பின்னால் பாதித் தெரு.

"ஏன்யா, நேத்து வந்தவனுக்கு மேளம் வச்சு அழைப்பு. ஏழு தலைமுறையா இருக்கறவன் வாசல்ல நிக்காமலே போறீரு. நாங்க செத்தா போயிட்டோம்?"

"அரண்மனைக் கால்வாய்தானே ஐயா, உங்களுக்கு என்ன என்று விட்டுவிட்டேன்."

"எவன் சொன்னான்? அந்தக் கால்வாயை வெட்டினதே எங்க பாட்டன்!"

"அடடா, தெரியாமல் போயிற்றே. ஆனாலும் ஒரு வீட்டை அழைக்கத்தான் எனக்கு உத்தரவு. நீங்கள் மன்னிக்க வேண்டும்."

அதற்குள் கடைத்தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். மேலத்தெருப் பாட்டன் வெட்டினது கால் பங்குதான், மீதியெல்லாம் எங்கள் பாட்டன் என்று அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் சண்டை இன்னும் பலம். "மூணு மருமக வச்சிருக்கேன், அந்தப் பாய்க்காரி முதல் கூடை தூக்கறதை நான் கரையில நின்னு பாக்கணுமாக்கும்" என்றாள் வடக்குத்தெரு உண்ணாமலை.

பொழுது விடிந்தபோது கால்வாய்க்குள் கால் வைக்க இடமில்லை. அழைக்காவிட்டால் போ, எங்கள் உரிமையை எவன் தடுப்பான் என்று தெருவே இறங்கி நின்றது. ஒரு தெரு ஒரு முழம் தோண்டினால் அடுத்த தெரு இரண்டு முழம் தோண்டியது. வாழைமரத்தை இழுத்துப் போட்டவர்கள், யார் இழுத்தது என்பதை ஊர் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்கள். அடி மண் தெரிகிறவரை யாரும் கரை ஏறவில்லை. ஏறியபிறகும் தெருவுக்குத் தெரு காவல் வைத்தார்கள், எங்கள் கால்வாயில் எவன் குப்பை போடுகிறான் பார்க்கலாம் என்று.

மழை வந்தது. விடாமல் கொட்டியது. கீழத்தெருவில் ஒரு வீட்டு அடுப்புகூட அணையவில்லை.

தளவாய் சும்மா இருப்பாரா? சபையில் எழுந்து, இது மோசடி, மேளம் அடித்து ஊரையே கூட்டிவிட்டார் என்று வாதாடினார்.

திருமேனி கைகட்டி நின்றார். "மகாராஜா, நான் அழைத்தது சங்கிலி வீட்டாரை. அவர்கள் ஒரு கூடை மண்கூட அள்ளவில்லை. ஊரார் இடம் விடவில்லை. பாவம், குடும்பத்தோடு கரையில் உட்கார்ந்து, நான் கொடுத்த வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மண் அள்ளியவர்களில் நான் அழைத்தவர் ஒருவர் உண்டா என்று தளவாயே சொல்லட்டும்."

தளவாய் யோசித்துப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

ராஜா தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்துத் திருமேனிக்குப் போர்த்தினார். ஆனால் முகம் மட்டும் முழுதாகத் தெளியவில்லை.

"எல்லாம் சரி. ஊரே திரண்டு இவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்கிறது. ராஜா என்று ஒருவன் இருக்கிறேனே, வாருங்கள் என்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மன்னிக்க வேண்டும் மகாராஜா" என்றார் திருமேனி. "வருகிற கோடையில் பெரிய ஏரியைத் தூர்வாரப் போகிறோம். அதற்கும் தங்களை அழைப்பதாக இல்லை."

ராஜா ஒரு கணம் விழித்தார். பிறகு சிம்மாசனம் குலுங்கச் சிரித்துவிட்டு, நல்ல மண்வெட்டியாக ஒன்று எடுத்துவைக்கும்படி காவலனிடம் சொன்னார்.