உடும்புப்பிடி வந்த விதம்

அந்தக் காலத்தில், காட்டில் எல்லோருக்கும் பேச்சு இருந்தபோது, உடும்பைப் போல் பேசத் தெரிந்தவர் யாரும் இல்லை. கோடையில் ஆறு வற்றிக் கிடக்கும். மணலின் சூடு தணிந்ததும் உடும்பும் கீரியும் பாறை நிழலுக்கு வந்துவிடும். உடும்பு கதை சொல்லும். கீரி குறுக்கே பேசி வம்பிழுக்கும். வேறு வேலை ஏதும் அப்போது அவற்றுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இடி கேட்டது.

“மாப்ளே, மேல மழை போலருக்கு. கிளம்புவோம்” என்றது கீரி.

“பாதிக் கதையில எந்திரிச்சா பாவம்டா. உக்காரு.”

“உன் கதைக்கு முழுசு எது, பாதி எது?” என்று சிரித்துக்கொண்டே கீரி உட்கார்ந்தது.

வெள்ளம் வந்தது. உடும்பு பாறைப் பிளவுக்குள் பாய்ந்து, நகங்களை ஊன்றி, மூச்சை இழுத்து உடம்பை உப்பவைத்துக்கொண்டது. உப்பிய உடம்பு பிளவில் இறுகி நின்றது. வெளியே தொங்கிய வாலைக் கீரி கட்டிப்பிடித்துக்கொண்டது. அதன் கண்ணுக்கு வாலைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

“மாப்ளே, இருக்கியா?”

பதில் சொல்ல மூச்சை விட வேண்டும். மூச்சை விட்டால் உடம்பு சுருங்கும். இருவருமே போக வேண்டியதுதான். உடும்பு பேசவில்லை.

“நாள் பூரா ஓயாத வாய் இப்பவா ஓயணும்? சொல்லுடா.”

தண்ணீர் ஏறியது.

“ஒரே ஒரு வார்த்தை. அது போதும், நான் பிடிச்சுக்கிடுவேன்.”

அந்த வார்த்தை உடும்பின் தொண்டை வரை வந்தது. அசைத்தால் கீரி நழுவிவிடுமே என்று வாலைக்கூட அது அசைக்கவில்லை. நகங்களை இன்னும் ஆழமாக ஊன்றியது.

வெகுநேரம் கழித்துக் கீரி மெதுவாகச் சொன்னது. “நீ போயிட்ட போலிருக்கு. சரி மாப்ளே. இனி நான் யாரைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்க?”

வால் லேசானது.

வெள்ளம் வடிந்த பிறகும் உடும்பு பிளவிலேயே இருந்தது. வெளியே வந்ததும் “இருக்கேன்” என்று சொல்லப் பார்த்தது. அடக்கிய மூச்சு வெறும் சீறலாகத்தான் வெளியேறியது.

அன்று முதல்தான் உடும்புக்குப் பேச்சில்லை. மனிதர்களும் விடாமல் பற்றுவதை உடும்புப்பிடி என்கிறார்கள், மெச்சும்போதும் அலுத்துக்கொள்ளும்போதும். உடும்புப்பிடியாகப் பிடித்தான், உடும்புப்பிடியாக நின்றான் என்பார்கள். உடும்புப்பிடியாக இருந்து என்ன இழந்தான் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.